இரண்டு தெருவைத் தொடும் வீடு: எங்கள் வளவுக்கு என்ன வயது?

கீழவளவு:
வணக்கம். காரைக்குடிப் பக்கம் எங்கள் ஐயா (அப்பாவின் அப்பா) வழி வீடு ஒன்று இருக்கிறது. முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். முன் நிலைப்படியில் நின்று பார்த்தால் பட்டாலை (முன்கூடம்), வளவு (முற்றமும் அதைச் சுற்றிய அறைகளும்), இரண்டாம் கட்டு, அடுப்படி எல்லாம் தாண்டி, பின்வாசல் வெளிச்சம் தீப்பெட்டி அளவில் தெரியும். சின்ன வயதில் அந்த வெளிச்சத்தை நோக்கி ஒரே ஓட்டமாக ஓடுவோம்.

இப்போது வீட்டுக்குப் பதினோரு பங்கு. யாரும் அங்கே குடியில்லை. வருஷத்துக்கு ஒரு முறை, முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்குத் திறக்கிறோம். போன மாதம் ஒரு பழம்பொருள் வியாபாரி வந்து தூண், நிலை, கதவு, உத்தரம், தரைக்கல் என்று தனித்தனியாக விலை போட்டுக் கொடுத்திருக்கிறார். பங்காளிகள் நாலு பேருக்குச் சம்மதம். நான் இன்னும் பதில் சொல்லவில்லை. எதைப் பிரித்து விற்கப் போகிறோம் என்று முதலில் தெரிய வேண்டும் எனக்கு. எப்போது கட்டியது, ஏன் இப்படிக் கட்டினார்கள் என்று சொல்ல அப்பச்சி (அப்பா) இல்லை. அப்பத்தா சொல்லிக் கேட்டது ஒரே ஒரு வாக்கியம்: "உங்க ஐயா ரங்கூன்ல இருக்கையில முகப்பு எழும்புச்சு."

விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

முற்றமும் தூணும்:
அப்பத்தா "வீடு" என்று சொல்லவில்லை, "முகப்பு" என்று சொல்லியிருக்கிறார்கள். அதைக் கவனியுங்கள். செட்டிநாட்டு வீடுகளில் பல ஒரே மூச்சில் எழுந்தவை இல்லை. முதலில் வளவும் பின்கட்டும் இருக்கும். பணம் வந்த தலைமுறை முன்னால் பட்டாலையும் முகப்பும் சேர்த்திருக்கும், அதற்கடுத்த தலைமுறை மாடி எடுத்திருக்கும். ஆகவே உங்கள் வீட்டுக்கு ஒரு வயது இருக்காது, இரண்டு மூன்று இருக்கலாம்.

நான் பழைய கட்டிடங்களை அளந்து வரைபடம் போடும் வேலை பார்க்கிறவன். அடுத்த முறை போகும்போது ஒரு நல்ல டார்ச் கொண்டு போங்கள். முகப்பின் மேல்தளத்தைத் தாங்குவது மரமா இரும்பா என்று பாருங்கள். இரும்பு உத்தரமாக இருந்தால் அதன் பக்கவாட்டில் இங்கிலாந்து ஆலையின் பெயர் எழும்பிய எழுத்தில் இருக்கும், வண்ணம் அடித்திருந்தாலும் விரலால் தடவினால் தெரியும். சுவரில் பூப்போட்ட பளபளப்பான சதுர ஓடு பதித்திருந்தால் அது பெரும்பாலும் ஜப்பான் சரக்கு. 1910களிலிருந்து 1930களின் கடைசி வரை வந்தது. பின்கட்டில் மங்களூர் ஓடு இருந்தால் ஒன்றைக் கழற்றி அடிப்புறம் பாருங்கள். சுவிட்சர்லாந்துக் கிறிஸ்தவ அமைப்பான பேசல் மிஷன் 1865ல் மங்களூரில் ஓட்டு ஆலை தொடங்கியது. முதல் உலகப் போரில் அது கைமாறி, பிறகு காமன்வெல்த் என்ற பெயரில் ஓடு வந்தது. முத்திரையில் எந்தப் பெயர் என்பது முக்கியம். ஆனால் ஓடு மாற்றக்கூடிய பொருள். அது கூரையின் வயதைச் சொல்லும், சுவரின் வயதைச் சொல்லாது.

எல்லாவற்றையும் விட நம்பகமான சாட்சி தூண்தான். வளவுத் தூண் கல்லா மரமா?

கீழவளவு:
வளவில் கல்தூண். பட்டாலையில் மரத்தூண், என் இரண்டு கையும் சேர்த்துக் கட்டிப் பிடித்தாலும் விரல் தொடாது. இது இரண்டும் வேறு காலமாக இருக்கலாம் என்று இத்தனை வருஷம் தோன்றவே இல்லை!

கிட்டங்கி:
பணம் வந்த வழியைச் சொன்னால் வீட்டின் வயதும் ஓரளவு பிடிபடும்.

1852ல் கீழ்ப் பர்மா ஆங்கிலேயர் கைக்கு வந்தது. 1869ல் சூயஸ் கால்வாய் திறந்தது. ஐராவதிச் சமவெளியின் அரிசிக்கு உலகம் முழுக்கக் கிராக்கி. காட்டை வெட்டி வயலாக்க விவசாயிக்குக் கடன் வேண்டும். ஆங்கிலேய வங்கி அவனுக்குக் கொடுக்காது. அந்த இடத்தில் நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள்) போய் உட்கார்ந்தார்கள். ஊரிலிருந்து ஆள் போவது பெரும்பாலும் மூன்று வருஷச் சம்பளச் சிட்டையின் (ஒப்பந்தத்தின்) பேரில். பெட்டியடிப் பையனாகப் போய், அடுத்தாளாகி, மேலாளாகித் திரும்பியவர்கள் உண்டு. அங்கே அவர்கள் தங்கிய இடம் கிட்டங்கி. ஒரு நீளக் கூடம், ஆளுக்கொரு மேசைப்பெட்டி, இரவில் அதன் பக்கத்திலேயே ஒரு பாய். சம்பாதித்ததெல்லாம் ஊரில் எழும்பும் வீட்டுக்குப் போனது. தேக்கும் அங்கிருந்தே வந்தது.

இது 1929 வரைக்கும். பிறகு உலகப் பொருளாதார வீழ்ச்சி, நெல் விலை பாதியாக விழுந்தது. கடன் வாங்கியவர்கள் பணத்துக்குப் பதில் நிலத்தைத் தந்தார்கள். கீழ்ப் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930ல் சுமார் 6 சதவீத நிலம் செட்டியார்களிடம் இருந்தது, 1937ல் அது 25 சதவீதம். வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு இது கொள்ளை லாபம். உள்ளே இருப்பவனுக்கோ முதல் மண்ணில் மாட்டிக்கொண்டது. வயலை இழந்த பர்மிய விவசாயிக்கு இதைவிடப் பெரிய வலி, அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். 1941 டிசம்பரில் ஜப்பான்காரன் ரங்கூனில் குண்டு போட்டான். கப்பல் கிடைக்காதவர்கள் அஸ்ஸாம் வரை நடந்தார்கள். 1948ல் சுதந்திரப் பர்மா நிலத்தை நாட்டுடைமையாக்கச் சட்டம் போட்டது. அதோடு முடிந்தது.

உங்கள் முகப்பு ரங்கூன் காலத்தில் எழும்பியது என்றால், 1930க்கு முன்னால் என்றே நான் நினைப்பேன். பின்னால் கட்டியவர்களும் உண்டு, ஆனால் குறைவு.

தேவகோட்டை ரோடு:
எல்லாம் சரி, இந்த வீடுகளே வெள்ளைக்காரன் மாளிகையைப் பார்த்து எழுந்தவைதானே? இத்தாலிச் சலவைக்கல், பெல்ஜியம் கண்ணாடி, மதில் மேலே துப்பாக்கிச் சிப்பாய் சுதை. இதில் நம் கட்டிடக்கலை என்று பெருமைப்பட என்ன இருக்கிறது?

முற்றமும் தூணும்:
வாசலில் நின்று பார்த்தால் அப்படித்தான் தோன்றும். அந்தச் சிப்பாய்க்குப் பக்கத்திலேயே கஜலட்சுமி உட்கார்ந்திருப்பாள், நிலைக்கு மேலேயும் அவளே இருப்பாள். அது இருக்கட்டும். வீட்டின் தரைப்படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் வானம் பார்த்த முற்றம், சுற்றித் தாழ்வாரம், தாழ்வாரத்தை ஒட்டி அறைகள். இது தமிழ்நாட்டு முற்றவீட்டின் வடிவம். ஆங்கிலேய மாளிகையில் பொதுவாக இது கிடையாது. அவர்கள் மாளிகைக்கு நாலு பக்கமும் தோட்டம், சன்னல் வெளியே பார்க்கும். இந்த வீடு தெருவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உள்ளே பார்க்கிறது. காற்றும் வெளிச்சமும் முற்றத்தின் வழியே வருகின்றன. முற்றத்தில் சூடேறிய காற்று மேலே போகப் போக, தாழ்வாரத்து நிழல் காற்று அந்த இடத்துக்கு நகரும். முன்வாசலும் பின்வாசலும் ஒரே கோட்டில் இருப்பதால் இரண்டையும் திறந்து வைத்தால் வீடு முழுக்கக் காற்று ஓடும்.

1912ல் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் கட்டிய கானாடுகாத்தான் அரண்மனை வரைக்கும் இதே முறைதான். எவ்வளவு பெரிதானாலும் உள்ளே போனால் முற்றங்கள். அலங்காரத்தை ஊர் ஊராக வாங்கினார்கள், வீட்டை வாங்கவில்லை.

ரங்கூன் பேத்தி:
தம்பி, இந்த வீடுகளைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் முகப்பிலேயே நின்றுவிடுகிறார்கள். நான் வளவில் பிறந்து இரண்டாம் கட்டில் வளர்ந்தவள். அங்கிருந்து சொல்கிறேன்.

முகப்பும் பட்டாலையும் ஆண்கள் இடம். கணக்கு, விருந்தாள், பஞ்சாயத்து எல்லாம் அங்கே. வளவு எங்களுடையது. வளவைச் சுற்றி இருக்கும் அறைகளை எண்ணிப் பாருங்கள். ஒவ்வொன்றும் இரட்டையாக இருக்கும், வெளியறை ஒன்று, அதற்குள் உள்ளறை ஒன்று. கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஓர் அறை. கல்யாணம் ஆனால்தான் ஒருவன் ஒரு புள்ளி, அதாவது தனிக் குடும்பம், கோயில் கணக்கிலும் அப்படித்தான். அறையைப் படுக்கையறை என்று நினைத்துவிடாதீர்கள். இருட்டு, சன்னல் சிறிசு. அது சாமான் வைக்கிற இடம். பெண் கொண்டுவந்த வெள்ளி, வெண்கலம், எவர்சில்வர், பெட்டகம், முறைச்சிட்டையில் (சீர்ப் பட்டியலில்) எழுதிய அத்தனையும் அதில்தான் பூட்டியிருக்கும். படுப்பது தாழ்வாரத்தில், பாயை விரித்து.

கல்யாணமான கொஞ்ச நாளில் வேறு வைத்துவிடுவார்கள். ஒரே கூரைதான், ஆனால் தனி அரிசி, தனி அடுப்பு, தனிச் செலவு. எங்கள் மூன்றாம் கட்டில் என் நினைவு தெரிந்து ஆறு அடுப்பு எரிந்தது. மாமியாரும் மருமகளும் சண்டையில்லாமல் இருக்க இதைவிட நல்ல ஏற்பாட்டை நான் இன்றுவரைக்கும் பார்க்கவில்லை. ஆம்பிளைகள் மூன்று வருஷம் கடல் தாண்டி இருக்கையில் வட்டிக் கணக்கிலிருந்து கொத்தனார் கூலி வரைக்கும் பார்த்தது ஆச்சிமார்கள்தான். உங்கள் ஐயா ரங்கூனில் இருக்கையில் முகப்பு எழும்பியது என்றால், பக்கத்தில் நின்று எழுப்பியது உங்கள் அப்பத்தாவோ அவருடைய மாமியாரோதான். யோசித்துப் பாருங்கள்.

கீழவளவு:
ஆச்சி, படித்துவிட்டு ரொம்ப நேரம் பேசாமல் இருந்தேன். எங்கள் வளவில் பத்து அறை. அப்பத்தா அறையின் உள்சுவரில் கரியால் கோடு கோடாக இருக்கும். பால் கணக்கு என்று நினைத்திருந்தேன். இப்போது கொத்தனார், சித்தாள் வருகைக் கணக்காகவும் இருக்கலாமோ என்று தோன்றுகிறது. பக்கத்தில் "கொ" என்றும் "சி" என்றும் போட்டிருக்கும்.

கரணை:
அந்தச் சுவரில் கரிக்கோடு இத்தனை வருஷம் அழியாமல் நிற்கிறது என்றால் நல்ல பூச்சு. எங்கப்பா சுண்ணாம்புப் பூச்சுக் கொத்தனார். நான் பத்து வயதில் சட்டி தூக்கியவன், அதனால் சொல்கிறேன்.

"ஆயிரக்கணக்கான முட்டையில் கட்டிய வீடு" என்று சுற்றுலா வருகிறவர்களிடம் சொல்கிறார்கள். முட்டை வெள்ளைக்கரு கடைசிப் பூச்சில் மட்டும்தான். அதற்கு முன்னால் நடக்கும் வேலைதான் வேலை. கிளிஞ்சல் சுண்ணாம்பைத் தண்ணீர் விட்டுத் தாளித்து, சலித்து, நாள்கணக்கில் ஊறவிட வேண்டும். கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிப் புளித்த தண்ணீரை ஊற்றிக் குழைக்க வேண்டும். முதல் பூச்சு மணல் சேர்த்துக் கொரகொரவென்று. அடுத்தது மணல் குறைத்து. அதற்கடுத்தது அம்மியில் அரைத்த சுண்ணாம்பு, விரலில் எடுத்தால் வெண்ணெய் மாதிரி வழுக்கும். கடைசி மெல்லிய பூச்சு ஈரம் காய்வதற்குள் கூழாங்கல்லால் தேய்க்க ஆரம்பித்தால் நிறுத்தக் கூடாது. ஒரு சுவரை ஒரே நாளில் முடிக்க வேண்டும், பாதியில் விட்டால் ஒட்டுத் தெரியும். அப்பா வேலை முடிந்ததும் சுவரில் புறங்கையை வைத்துப் பார்ப்பார். குளிர்ந்து வழவழவென்று இருக்க வேண்டும், கை பிசிறு தட்டினால் மறுபடி தேய்க்கச் சொல்வார்.

ஒன்று கெஞ்சிக் கேட்கிறேன். எங்காவது பெயர்ந்திருந்தால் சிமெண்ட் வைத்து அடைக்காதீர்கள். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உள்ளே வாங்கி வெளியே விடும். சிமெண்ட் வழியை அடைத்துவிடும். ஈரமும் உப்பும் உள்ளேயே தங்கி, சிமெண்டுக்குப் பின்னால் செங்கல்லை மாவாக்கிவிடும். இரண்டு மழைக்காலம் போதும்.

தேவகோட்டை ரோடு:
முற்றமும் தூணும் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். நான் வாசலோடு நின்றுவிட்டேன். தரைக்கல் விஷயம் சொல்லுங்கள், ஆத்தங்குடிக் கல்லும் இறக்குமதியா?

கரணை:
இல்லை, ஆத்தங்குடியிலேயே இன்றைக்கும் கையால் செய்கிறார்கள். கண்ணாடிப் பலகை மேல் இரும்புச் சட்டம், அதற்குள் பூ வடிவ அச்சு. அச்சின் ஒவ்வொரு கட்டத்திலும் வண்ணச் சிமெண்டுக் கூழைக் கரண்டியால் ஊற்றுவார்கள். அச்சைத் தூக்கினால் வண்ணம் கலக்காமல் அப்படியே நிற்கும். அதன் மேல் உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி, பிறகு ஈரச் சாந்து போட்டு மட்டம் தட்டி, காய்ந்ததும் தண்ணீர்த் தொட்டியில் நாள்கணக்கில் ஊறப்போடுவார்கள். சூளையே கிடையாது. கண்ணாடியிலிருந்து பிரித்தால் கண்ணாடியின் வழவழப்பு கல்லுக்கு வந்திருக்கும். பிறகு நடக்க நடக்கத்தான் மினுக்கு ஏறும். ஆள் நடக்காத வீட்டில் அந்தக் கல் மங்கிப்போகும்.

பாதிப் பங்கு:
இவ்வளவு நேரம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். நாங்கள் விற்றுவிட்டோம். ஏழு வருஷம் ஆகிறது.

யாரும் ஆசைப்பட்டு விற்கவில்லை. காவலுக்கு ஆள் கிடைக்கவில்லை, ஓட்டு வேலைக்கு ஆள் கிடைக்கவில்லை, ஒவ்வொரு மழைக்கும் ஒரு பக்கம் சரிந்தது. பதினெட்டுப் பங்கு. ஒருவர் பணம் கொடுத்தால் மற்றவர் "நான் அனுபவிக்காத வீட்டுக்கு ஏன் செலவு" என்பார். அவர் சொன்னதும் தப்பில்லை. பிரிக்க எத்தனை நாள் ஆகும் என்று நினைக்கிறீர்கள்? நிலையையும் தூண்களையும் ஐந்தே நாளில் இறக்கிவிட்டார்கள். சுவர் இடிக்கத்தான் நாளானது, கரணை சொன்ன அதே சுண்ணாம்பு. போன வருஷம் வேறு ஊரில் ஒரு விடுதிக்குப் போயிருந்தேன். வரவேற்பறையில் எங்கள் பட்டாலைத் தூண். நாங்கள் உயரம் அளந்து கத்தியால் கீறிய கோடு அதில் இருந்தது. என் தம்பியின் கோடும் இருந்தது. தடவிப் பார்த்துவிட்டு வந்தேன், யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை.

கீழவளவு, விற்காதே என்று சொல்லும் தகுதி எனக்கில்லை. கையெழுத்துப் போடும் முன் எல்லா அறைகளையும் திறந்து ஒரு முறை உட்கார்ந்துவிட்டு வாருங்கள். நாங்கள் அதைக்கூடச் செய்யவில்லை.

படித்துறை:
சட்டப் பக்கம் கொஞ்சம். கூட்டுச் சொத்தின் தூணையோ நிலையையோ நாலு பங்காளிகள் மட்டும் சேர்ந்து கழற்றி விற்க முடியாது. மற்றவர்கள் நீதிமன்றத்தில் தடை கேட்கலாம். ஒரு பங்காளி தன் பங்கை வெளியாளுக்கு விற்று, அந்த வெளியாள் பாகம் கேட்டு வழக்குப் போட்டால், 1893ம் வருஷத்துப் பாகப்பிரிவினைச் சட்டத்தின் 4ம் பிரிவு இருக்கிறது. குடும்பத்தில் பங்குள்ள யாராவது "அந்தப் பங்கை நாங்களே வாங்கிக்கொள்கிறோம்" என்று முன்வந்தால், நீதிமன்றம் விலையை மதிப்பிட்டு அவருக்கே கொடுக்கும். குடியிருப்பு வீட்டுக்கென்றே எழுதிய பிரிவு இது.

பெண்களின் பங்கையும் மறந்துவிடாதீர்கள். வீட்டைப் பாகம் பிரிக்கச் சொல்லிப் பெண் வாரிசு கேட்க முடியாது என்றிருந்த தடை இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005 திருத்தத்தில் நீங்கியது. பதினோரு பங்கு என்கிறீர்களே, அத்தைமார்களைச் சேர்த்தா சேர்க்காமலா?

கீழவளவு:
சேர்க்காமல். நீங்கள் கேட்டது முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. பெரிய அத்தைக்குப் போன் செய்தேன். அத்தைக்கு எண்பத்தி நாலு வயது. "வீட்டைப் பத்தி எங்கிட்ட கேக்கணும்னு உங்களுக்கு இப்பத்தான் தோணுச்சா?" என்றார்கள். பிறகு ஒரு மணி நேரம் பேசினார்கள். கரிக்கோடு பால் கணக்கு இல்லையாம், கூலிக் கணக்குதானாம்.

போன வாரம் டார்ச்சோடு போய்ப் பார்த்தேன். முகப்பில் இரும்பு உத்தரம், ஆங்கில எழுத்து விரலுக்குத் தட்டுப்படுகிறது, வண்ணத்தின் மேலாகப் படிக்க முடியவில்லை. திண்ணைச் சுவரில் ஜப்பான் ஓடு, மயில் போட்டது. பின்கட்டு ஓட்டில் பேசல் மிஷன் முத்திரை! அத்தை சொன்ன கணக்குப்படி முகப்பு எழும்பியபோது அவர்கள் பிறக்கவில்லை, மூத்த அண்ணனுக்குக் காது குத்திய வருஷம். அது 1926. வளவு அதற்கும் முந்தியது.

ஒரு கெட்ட செய்தியும் உண்டு. வளவின் வடமேற்கு மூலையில் சுவர் பாசி பிடித்து ஊதியிருக்கிறது. அந்த மூலையில் இருக்கும் அறை பூட்டியிருக்கிறது. சாவி பினாங்கில் இருக்கும் சித்தப்பா மகனிடம்.

கரணை:
இரண்டு ஓட்டுச் சரிவு சேரும் கூடுவாய் அங்கேதான் இருக்கும். அந்த இரண்டு சரிவின் தண்ணீரும் அந்த மூலை வழியாக இறங்கும். முதலில் மேலே ஏறிப் பாருங்கள், அரசங்கன்று முளைத்திருக்கும். வெட்டினால் போதாது, வேரோடு எடுக்க வேண்டும். கூடுவாய்த் தகடு ஓட்டையாகியிருக்கும். அந்த அறையைத் திறக்காமல் மரத்தின் நிலைமை தெரியாது. ஓட்டைத் தாங்கும் கைமரம் சுவரில் உட்காரும் முனைதான் முதலில் உளுக்கும். ஐப்பசிக்கு முன்னால் இதை மட்டுமாவது செய்துவிடுங்கள். மற்ற எதையும் பிறகு பேசிக்கொள்ளலாம்.

ரங்கூன் பேத்தி:
சாவியைக் கூரியரில் அனுப்பச் சொல்லுங்கள். பூட்டை உடைக்க வேண்டாம். அந்த அறை யார் புள்ளியோ அவர்கள் மனசு நோகும்.

கீழவளவு:
தாமதமாக எழுதுகிறேன், மன்னியுங்கள். சாவி வந்தது. பினாங்குத் தம்பியே கையோடு கொண்டுவந்துவிட்டான், பிறந்ததிலிருந்து அவன் அந்த அறையைப் பார்த்ததில்லை. பெரிய அத்தையும் வந்தார்கள். பூட்டுக்குத் தேங்காய் எண்ணெய் விட்டு அரை நாள் வைத்திருந்து திறந்தோம்.

உள்ளறையில் இரண்டு பெட்டகம், அடுக்கு அடுக்காக வெண்கலப் பானை, ரவிவர்மா சரசுவதி படம் ஒன்று, பாதி செல்லரித்தது. கைமரத்தில் இரண்டு மட்டும் முனை உளுத்திருந்தது. மற்றது கல் மாதிரி இருக்கிறது. கரணை தன் அப்பாவோடு வேலை செய்த ஒரு பெரியவரை அனுப்பினார். அரசங்கன்று, புதுத் தகடு, இரண்டு கைமரம், ஓடு பிரித்துக் கட்டியது எல்லாம் பதினாறு நாள் வேலை. ஏழு பங்காளிகள் பணம் கொடுத்தார்கள். விற்கச் சம்மதித்த நாலு பேரில் இருவரும் அந்த ஏழு பேரில் உண்டு. அத்தைமார் மூவரும் கேட்காமலே அனுப்பினார்கள். வியாபாரிக்கு இப்போதைக்கு இல்லை என்று சொல்லிவிட்டேன். எப்போதைக்கும் இல்லை என்று சொல்ல எல்லோரும் உட்கார்ந்து பேச வேண்டும்.

முந்தாநாள் ராத்திரி நல்ல மழை. நானும் தம்பியும் பட்டாலையில் படுத்திருந்தோம். நாலு மூலையிலும் தண்ணீர் ஒரே மாதிரி இறங்கியது. அத்தை இருட்டில் எழுந்துபோய் வடமேற்கு மூலையில் ஒரு வெண்கல அண்டாவை இழுத்து வைத்தார்கள், அவர்கள் சின்னப் பிள்ளையில் அங்கே அண்டா இருக்குமாம். விடியும்போது அது வழிந்துகொண்டிருந்தது.

மற்ற ஒன்பது அறைகளையும் வருகிற படைப்பன்று திறப்பதாக முடிவு செய்திருக்கிறோம். சாவி இல்லாதது மூன்று. அந்த மூன்று வீட்டுக்கும் அத்தையே பேசுகிறேன் என்றிருக்கிறார்கள்.